டேங்க் நிறைய டீசல்

நெரிஞ்சிப்பேட்டைத் துறையில் எடுக்கும்போது
ஒரு குறையும் இல்லை.
பதினேழு பேர், மூன்று பைக்,
மொபட்டில் கட்டிய பாவு பீம் ஒன்று,
கூடைக்குள் இரண்டு சேவல்.

பாதி ஆற்றில் என்ஜின் பேச்சை இழுத்தது.
தூக்கம் வந்த பிள்ளை கதை சொல்வதைப் போல
ஒரு சொல், ஒரு இடைவெளி,
இன்னொரு சொல்,
அப்புறம் தண்ணீர்ச் சத்தம்.

பதினொரு வருஷம் இந்த ஆற்றில் ஓட்டுகிறேன்.
தண்ணீருக்குச் சத்தம் உண்டென்று
அன்றைக்குத்தான் கேட்டேன்.

"என்னாச்சுங்?"
"ஒண்ணுமில்லீங், உக்காருங்"
என்று சொல்லிக்கொண்டே ஸ்பேனரைத் தேடினேன்.

டேங்கை முட்டியால் தட்டினேன்.
மேலே கணீர், இடுப்புக்குக் கீழே மந்தம்.
முக்கால் டேங்க் இருக்கிறது. பிறகென்ன?
ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றி உள்ளங்கையில் ஊற்றினேன்.
தண்ணீர் முத்து இல்லை, துரு இல்லை,
விரலிடுக்கில் வழிந்ததெல்லாம் நல்ல டீசல்.
குழாயைத் தடவிக்கொண்டே போனேன்,
பாம்பு பிடிக்கிறவன் மாதிரி, தலைமுதல் வால்வரை.
கசிவு இல்லை. செம்பு வாஷர் காய்ந்து கிடந்தது.
ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தேன்.
அழுத்தின கட்டை திரும்பி வர யோசித்தது.
வந்ததும் நுரை, நுரைக்குப் பின்னால்
மனசே இல்லாமல் கொஞ்சம் டீசல்.

சுற்றினேன். பிடித்தது!
சேவல்காரர் "அட்ரா சக்கை" என்றார்.
சக்கை என்று சொல்லி முடிக்கவும்
நின்றுபோனது.

மறுபடி ஸ்க்ரூ. மறுபடி நுரை.
மறுபடி இரண்டு நிமிஷ உயிர்.

படகு தன்பாட்டுக்குத் திரும்பி
கதவணைப் பக்கம் முகம் வைத்திருந்தது.
சிவப்பு மிதவைகளை யாரும் காட்டவில்லை,
எல்லாரும் பார்த்தார்கள்.
ஒருத்தர் போனை எடுத்தார். ஒருத்தர் செருப்பைக் கழற்றினார்.
எனக்குக் கண்ணில் வியர்வையா டீசலா தெரியவில்லை,
எரிந்தது.

பீமைப் பிடித்துக்கொண்டு நின்ற பாவாயி
இவ்வளவு நேரம் பேசவில்லை.
"ஏனுங், இழுக்கற பக்கமே பாக்கறீங்களே,
வுடற பக்கம் பாத்தீங்களா?"
"என்னதுங்?"
"தறி ஓடுதுங், துணி வரலைங்.
முன்னாடி எத்தனை நோண்டினாலும் வராதுங்.
பின்னாடி பீம் இறுகிக் கிடக்கும்.
பாவு வுட்டாத்தானே துணிங்?"

எனக்குத் தறி தெரியாது.
ஆனாலும் கழுத்து தானாகத் திரும்பியது,
டேங்க் மூடிமேல்.

மூடிமேல் பாலித்தீன் கவர்.
கவர்மேல் சைக்கிள் டியூப் வளையம், மூன்று சுற்று.
நேற்று ராத்திரி மழைக்கு
நான் கட்டியது.
மூடி நடுவில் ஊசித் துளை ஒன்று உண்டு.
ஒரு சொட்டு டீசல் வெளியே போனால்
ஒரு சொட்டுக் காற்று உள்ளே வர.

டியூபை அறுத்தேன்.
உள்ளே இழுத்தது பாருங்கள் ஒரு மூச்சு,
பதினேழு பேருக்கும் கேட்டது.
ஒட்டியிருந்த தகர வயிறு
டொக்கென்று வெளியே வந்தது.

கடைசியாக ஒரு தடவை நுரை.
அப்புறம் நூல் பிடித்த மாதிரி டீசல்.
ஸ்க்ரூவை இறுக்கிச் சுற்றினேன்.
மிதவைகள் பின்னால் போயின.

"யாருங் இப்பிடிக் கட்டுனது?" என்றாள் பாவாயி.
"பசங்க பண்ணீருப்பானுங்க" என்றேன்.
என்னிடம் பசங்க யாரும் இல்லை.
அவள் தலையாட்டிவிட்டு
பீமுக்குத் தனியாகப் பத்து ரூபாய் எடுத்தாள்.
வேண்டாமென்றேன். பெஞ்சில் வைத்துவிட்டுப்
பூலாம்பட்டி மேட்டில் மொபட்டைத் தள்ளிக்கொண்டு ஏறினாள்.

ராத்திரி திரும்பவும் மழை.
டார்ச்சோடு துறைக்குப் போய்
மூடிமேல் ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்தேன்,
ஒரு குச்சியை ஓரத்தில் முட்டுக் கொடுத்து,
காற்று போக வர.

அந்தப் பத்து ரூபாய் சட்டைப்பையில் நனைந்திருந்தது.
பாவு தீர எத்தனை நாள் ஆகும் என்று
தறிக்காரர் ஒருவரிடம் கேட்டேன்.
நூலைப் பொறுத்ததுங்க, என்றார்.